எச்.ஓ. லேஅவுட்டுக்கு டர்ன்டேபிள்: வாங்கலாமா, செய்துகொள்ளலாமா?

பனியன் எக்ஸ்பிரஸ், திருப்பூர்:

வணக்கமுங்க. என் மாடல் ரயிலுக்கு எந்த டர்ன்டேபிள், அதாவது இன்ஜினை ஏற்றித் திசை திருப்புகிற சுழல் பாலம், வைப்பது? ஒரு மாதமாக மண்டையைக் குடைகிற விஷயம், கேட்டுவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக் கீழ்த்தளம் முழுக்கத் தையல் யூனிட். ஓவர்லாக், பிளாட்லாக் என்று பத்துப் பன்னிரண்டு மெஷின் ஓடும். மாடியில் கட்பீஸ் மூட்டை அடுக்கியிருந்த அறையை இரண்டு வருடம் வீட்டில் கெஞ்சி லேஅவுட்டுக்கு வாங்கினேன். மேசை 8 அடி நீளம், இரண்டரை அடி அகலம். சென்டிமீட்டரில் 244க்கு 76. மேலே 12 மி.மீ. பிளைவுட், அடியில் ரீப்பர் சட்டம். எச்.ஓ. ஸ்கேல் (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு), 16.5 மி.மீ. தண்டவாளம், இப்போதைக்குச் சாதா டி.சி. கன்ட்ரோலர். ஆர்டர் நன்றாக வந்தால் அடுத்த வருடம் டி.சி.சி. எனும் டிஜிட்டல் கன்ட்ரோல்.

இன்ஜின் இரண்டு இருக்கிறது. ஒன்று ஜெர்மனியின் 01 வகை நீராவி இன்ஜின், நிஜத்தில் 23.94 மீட்டர், 1:87இல் 27.5 செ.மீ. இன்னொன்று அமெரிக்க ஆல்கோ சேஸிஸ் மேல் நானே பாடி செய்து மாட்டிய நம்ம ஊர் டீசல், டபிள்யூ.டி.எம்-2. அது 20 செ.மீ.க்குள் முடிந்துவிடும். என்றைக்காவது மூக்கு உருண்ட டபிள்யூ.பி. நீராவி இன்ஜின் ஒன்று வாங்க வேண்டும். அதுவும் ஏறக்குறைய 01 நீளம்தான்.

டர்ன்டேபிள் ஆசை எங்கிருந்து வந்தது என்றால், எங்கள் அப்பாரு ரயில்வேயில் பயர்மேன். சின்ன வயதில் அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. பாலம் நடுவில் ஒரே அச்சில்தான் உட்கார்ந்திருக்குமாம். இன்ஜினை மேலே ஏற்றி, முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம் என்று நகர்த்தி, எடை இரண்டு பக்கமும் சமமாகும் இடம் பார்த்து நிறுத்துவார்களாம். அந்த இடம் கிடைத்துவிட்டால் நூறு டன்னுக்கு மேல் இருக்கிற இன்ஜினை இரண்டு மூன்று ஆள் கையால் தள்ளியே திருப்பிவிடலாம். இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கிற டெண்டரில் தண்ணீர் குறைந்திருந்தால் இடம் மாறிப்போகும், புது ஆள் திணறுவான் என்று சிரிப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பார்த்து வைத்திருப்பவை:

அட்லஸ் 9 அங்குலம். குழி வெட்ட வேண்டாம், மேசை மேலேயே வைத்துவிடலாம். 15 டிகிரிக்கு ஒருமுறை தானாக நின்று நின்று போகும். விலை குறைவு. ஆனால் 9 அங்குலம் என்றால் 23 செ.மீ.தான், 01 ஏறாது.

பீக்கோவின் 12 அங்குலக் கிட். குழி உண்டு, பாலம் 30.5 செ.மீ. கையால் திருப்ப வேண்டும். மோட்டார், நிறுத்தும் ஏற்பாடு எல்லாம் நம் பாடு.

பிளைஷ்மன். பாலம் 31 செ.மீ., 7.5 டிகிரிக்கு ஓர் இடம் வீதம் 48 இடம், மோட்டாரோடு வரும். விலையைப் பார்த்தால் ஒரு செகண்ட் ஹேண்ட் பிளாட்லாக் மெஷினே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. அதற்கு மேல் கஸ்டம்ஸ் வேறு. பொம்மைக்கான வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. நமக்கு இது பொம்மை இல்லை என்று அங்கே போய் யாரிடம் சொல்வது?

நான்காவது வழி, பக்கத்து லேத்துப் பட்டறையில் கொடுத்துச் செய்வது.

27.5 செ.மீ. இன்ஜினுக்கு 30.5 போதுமா, 31 வேண்டுமா? இதுதான் என் கேள்வி. இன்னொன்று, கீழேயிருந்து பஞ்சுத் தூசி ஓயாமல் வரும். வாரம் ஒருமுறை தண்டவாளம் துடைக்கிறேன், அப்படியும் இன்ஜின் திக்கித்திக்கித்தான் போகிறது. பஞ்சுக்குத் தாங்குகிற டர்ன்டேபிள் எதுவென்று சொல்லுங்க.


போத்தனூர் கேபின்:

அரை சென்டிமீட்டருக்கு ஒரு மாதம் மண்டையை உடைத்திருக்கிறீர்கள். இரண்டிலும் உங்கள் இன்ஜின் நிற்கும். ஏற வேண்டியது சக்கரம்தான்; முதல் சக்கரத்திலிருந்து டெண்டரின் கடைசிச் சக்கரம் வரை அளந்து பாருங்கள், 27.5ஐ விடக் குறைவாகத்தான் வரும். இன்ஜின் முனையில் இருக்கிற பஃபர் கொஞ்சம் வெளியே நீட்டினாலும், குழி விளிம்பில் எதுவும் உயரமாக இல்லாவிட்டால் இடிக்காது.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. டர்ன்டேபிளிலிருந்து இன்ஜின் போய் நிற்கிற ஷெட் எத்தனை லைன், லைனுக்கு லைன் என்ன கோணம்? டர்ன்டேபிள் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதைப் பாலத்தின் நீளத்தை விட இந்தக் கோணம்தான் தீர்மானிக்கும். நான் இதைப் படிக்காமல் ஒரு மேசையை முழுதாகக் கட்டி, பிறகு பிரித்தேன். அதனால் சொல்கிறேன்.

கணக்குப் பாருங்கள். ஷெட் வாசலில் இரண்டு லைனுக்கு நடுவே குறைந்தது 6 செ.மீ. வேண்டும். இன்ஜின் அகலம் மூன்றரை செ.மீ., நடுவில் ஒரு தூண், அப்புறம் தடம் புரண்டால் விரல் நுழைய இடம். டர்ன்டேபிளின் நடுவிலிருந்து லைன்கள் விசிறி மாதிரி விரிந்து போகின்றன. 15 டிகிரி வைத்தால் நடுவிலிருந்து 23 செ.மீ. போனதுமே அந்த 6 செ.மீ. கிடைத்துவிடும். 10 டிகிரி என்றால் 34.5 செ.மீ. தள்ளிப் போக வேண்டும். 7.5 என்றால் 46. அதற்குப் பிறகுதான் ஷெட் வாசலே. உள்ளே 01 நிற்க 30 செ.மீ. ஆழம். இந்தப் பக்கம் குழியின் பாதியும் விளிம்பும் சேர்த்து 18 செ.மீ.

கூட்டினால் 15 டிகிரிக்கு 71 செ.மீ., 10க்கு 82.5, 7.5க்கு 94. உங்கள் மேசை அகலம் 76. குறுக்கே போடுவதானால் 15 டிகிரி மட்டும்தான் அடங்கும். 48 இடம் இருக்கிறதே என்று பிளைஷ்மன் வாங்கினாலும் ஒன்று விட்டு ஒன்றைத்தான் உபயோகிக்க முடியும்.

நீளவாக்கில் போட்டால் 7.5 டிகிரியும் அடங்கும். ஐந்து லைன் ஷெட் பின்பக்கம் 40 செ.மீ. அகலம்தான் வரும், பார்க்கவும் அழகு. ஆனால் 244இல் 94 போய்விடும். மிச்சம் ஐந்தடியில் ஸ்டேஷனும் யார்டும். எது வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

7.5ஐ விடக் குறைக்கலாமா என்றால், 31 செ.மீ. பாலத்துக்கு அதுதான் கிட்டத்தட்ட எல்லை. குழி விளிம்பில் பக்கத்து லைன்கள் நடுவுக்கு நடு 20.3 மி.மீ. இருக்கும். இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே உள்ள கேஜே 16.5. இன்னும் நெருக்கினால் தண்டவாளம் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், அப்புறம் அங்கே கிராசிங் வெட்ட வேண்டியதுதான்.

டர்ன்டேபிள் எதற்கு, முக்கோண லைன் போட்டுத் திருப்பு என்று யாராவது சொல்வார்கள். எங்கள் ஊரில் இருகூர், கோவை, போத்தனூர் என்று ஊரளவுக்கு ஒரு முக்கோணமே இருக்கிறது. கோவைக்கு வராமலே இருகூரிலிருந்து நேரே போத்தனூர் போகும் ரயிலைப் பற்றி இங்கே கோபப்படாத ஆள் கிடையாது. மேசையில் அது சரிப்படாது. 18 அங்குல வளைவில் போட்டால்கூட முக்கோணத்துக்கே மூன்றடி வேண்டும்.

கடைசியாக ஒன்று. பாலத்துக்குள் நுழையும் லைன் கடைசி ஒரு சாணாவது நேராக இருக்கட்டும். வளைவிலிருந்து அப்படியே பாலத்தில் ஏற்றினால் இன்ஜினின் முன் போகிச் சக்கரம் தடம் இறங்கிவிடும்.


பனியன் எக்ஸ்பிரஸ்:

அண்ணா, படித்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். 01இன் முதல் சக்கரத்திலிருந்து கடைசிச் சக்கரம் 24 செ.மீ. கூட இல்லை. ஒரு மாதம் வீணுங்க.

தரையில் சாக்பீஸில் இரண்டு மாதிரியும் வரைந்து பார்த்தேன். யார்டை விட மனசில்லை. கூட்ஸ் வண்டி சேர்ப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கே. அதனால் குறுக்கே, 15 டிகிரி, நான்கு லைன். பிளைஷ்மன் கணக்கிலிருந்து போய்விட்டது. பாதி இடத்துக்கு முழுப் பணம் கொடுக்க நான் என்ன எக்ஸ்போர்ட்டரா? அடுத்த கேள்வி, செய்துகொள்வது நடக்கிற காரியமா?


கணபதி லேத்து, கோயமுத்தூர்:

தம்பி, நடக்கிற காரியம்தான். நாற்பது வருடம் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்தவன் சொல்கிறேன், கேட்டுக்கோ. ஓய்வுக்குப் பிறகு பேரனுக்காக என்று சொல்லிக்கொண்டு எனக்காகவே இரண்டு டர்ன்டேபிள் செய்துவிட்டேன். முதலாவது பாழ். இரண்டாவது ஓடுகிறது.

முதலாவது ஏன் பாழ் என்றால், குழியின் சுற்றுச்சுவரையும் பாலத்தையும் பிளைவுட்டிலேயே அறுத்தேன். சித்திரையில் விரலால் தொட்டால் சுற்றும். ஐப்பசி மழையில் பலகை ஈரம் குடித்து உப்பி, பாலம் ஓரத்தில் இறுகிக்கொண்டது. மரத்தை நம்பாதே. சுற்றுச்சுவரை 5 மி.மீ. அக்ரிலிக்கில் லேசர் கட்டிங் கடையில் கொடுத்து வெட்டு. கோணக் கோடுகளையும் அதிலேயே கீறித் தரச் சொல். பாலத்துக்கு அலுமினியப் பட்டை. ஆனால் தண்டவாளத்தை நேராக அலுமினியத்தில் வைத்துவிடாதே, இரண்டும் ஷார்ட் ஆகும். நடுவில் பைபர் ஷீட் போடு.

உயிரே அச்சில்தான் இருக்கிறது. 12 மி.மீ. ஷாஃப்ட், 6001 பேரிங் இரண்டு, ஒன்று மேலே ஒன்று கீழே, நடுவில் குறைந்தது 4 செ.மீ. இடைவெளி. ஒரே பேரிங் போட்டால் பாலம் தலையாட்டும். எடையைத் தாங்க அடியில் 51101 த்ரஸ்ட் பேரிங். மூன்றும் எந்த பேரிங் கடையிலும் உண்டு, இம்போர்ட் ஒன்றும் வேண்டாம். பேரிங் உட்காரும் ஹவுஸிங்கை ஒரே பிடியில் கடையச் சொல். திருப்பிப் பிடித்தால் சென்டர் போய்விடும். பாலத்தின் நுனியில் 0.3 மி.மீ. விலகினாலே சக்கரம் இடறும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வேலை வாங்கு.

மோட்டார் நீமா 17 ஸ்டெப்பர், எண்ணி எண்ணிச் சின்ன அடியாகச் சுற்றுவது. நேரடியாக மாட்டாதே. ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் என்றால் உன் பாலத்தின் நுனியில் ஒரு ஸ்டெப் கிட்டத்தட்ட 5 மி.மீ. நகர்வு. 20 பல் புல்லி மோட்டாரில், 120 பல் புல்லி ஷாஃப்டில், நடுவில் பெல்ட். பல்சக்கரம் வைத்தால் லொடக்கு இருக்கும், பெல்ட்டில் அது ரொம்பக் குறைவு.

வேகம். வெட் கிரைண்டர் கல் சுற்றுகிற மாதிரி சுற்ற விட்டால் பார்க்கச் சகிக்காது. அரைச் சுற்றுக்கு ஒரு நிமிடமாவது ஆகட்டும். உங்கள் அப்பாரு சொன்ன இரண்டு மூன்று ஆள் தள்ளுகிற வேகத்தை நினைத்துக்கொள்.


ஈரோடு என்-கேஜ்:

இரண்டு பேரும் சொன்னதற்கு மேல் நான் வயரிங் மட்டும் சொல்கிறேன். என்னுடையது என் ஸ்கேல், 9 மி.மீ. தண்டவாளம், கேட்டோவின் ரெடிமேட் டர்ன்டேபிள், பாலம் 16 செ.மீ. அதனால் பேரிங் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

பாலம் அரைச் சுற்றுச் சுற்றினால் அதன் இடது தண்டவாளம் வலது ஆகிவிடும். வெளியே உள்ள லைனில் பிளஸ் இடது பக்கம், பாலத்தில் வலது பக்கம். சக்கரம் எல்லையைத் தாண்டும்போது ஷார்ட். இதற்குப் பழைய வழி, பாலத்தின் அடியில் இரண்டாகப் பிளந்த செம்பு வளையம். சுற்றும்போது அதுவே மாற்றிவிடும். பிளவு வருகிற திசையில் மட்டும் லைன் எதுவும் இருக்கக் கூடாது, அங்கே கரன்ட் வராது. உங்கள் வீட்டுப் பஞ்சுக்கு இந்தத் திறந்த வளையம் எனக்குச் சரியாகப் படவில்லை. வாரத்துக்கு ஒருமுறை குழிக்குள் கையை விட்டுத் துடைப்பீர்களா?

மூடிய கேப்ஸ்யூல் ஸ்லிப் ரிங் என்று சின்னக் குப்பி மாதிரி கிடைக்கும், ஆறு வயர் உள்ளது; பாலம் சுற்றினாலும் வயர் முறுக்காமல் கரன்ட் போகும். தூசி உள்ளே அவ்வளவாகப் போகாது. ஷாஃப்டின் நடுவில் துளை போட்டு வயரை இறக்கி, அடியில் அதை மாட்டுங்கள். ஆனால் இது தானாகத் துருவம் மாற்றாது. இப்போது டி.சி.யில் இருக்கும்போது பேனலில் ஆறு கால் டாகிள் சுவிட்ச் ஒன்று போதும், கையால் தட்டிக்கொள்ளலாம். டி.சி.சி.க்குப் போகும்போது அந்த இடத்தில் ஆட்டோ ரிவர்சர் மாட்யூல் வைத்தால் ஷார்ட்டைக் கண்டதும் அதுவே மாற்றிவிடும். மற்ற வயரிங்கைத் தொட வேண்டியதில்லை.

ஸ்டெப்பர் கணக்கு உங்களுக்குச் சாதகம். 200 ஸ்டெப், மோட்டாரை ஓட்டும் டிரைவர் போர்டு ஒவ்வொரு ஸ்டெப்பையும் பிரிக்கும் 16 மைக்ரோஸ்டெப், பெல்ட் 6 மடங்கு. சுற்றுக்கு 19,200. ஒரு மைக்ரோஸ்டெப்புக்கு நுனியில் 0.05 மி.மீ. 15 டிகிரிக்குச் சரியாக 800. 10 டிகிரி எடுத்திருந்தால் 533.33 என்று மிச்சம் விழுந்திருக்கும். மோட்டாருக்குக் கட்டளை கொடுக்கும் அர்டுயினோ போர்டின் கோடில் அதைச் சமாளிக்கலாம்தான், ஆனால் முழு எண்ணுக்கு நிம்மதி அதிகம்.

இரண்டு விஷயம் மறக்காதீர்கள். பாலத்தின் அடியில் ஒரு குட்டி காந்தம், குழியில் அந்தக் காந்தத்தை உணர ஒரு ஹால் சென்சார். கரன்ட் போய் வந்தால் பாலம் எங்கே நிற்கிறது என்று மோட்டாருக்குத் தெரியாது, காந்தத்தைத் தேடி வந்து அங்கிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். அப்புறம், எந்த லைனுக்குப் போனாலும் ஒரே திசையிலிருந்தே வந்து நிற்கட்டும். எதிர்த் திசையிலிருந்து வரும்போது இரண்டு டிகிரி தாண்டிப் போய்த் திரும்பி வரச் செய்யுங்கள். பெல்ட்டில் மிச்சமிருக்கும் தளர்வு அதில் அடிபட்டுவிடும்.


பல்சக்கரம், மேட்டுப்பாளையம்:

நான் வேறு கட்சி. டர்ன்டேபிளே வேண்டாத லைனாகப் பார்த்து மாடல் செய்யலாமே? எங்கள் ஊர் மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1899இல் குன்னூர் வரை, 1908இல் ஊட்டி வரை. பல்சக்கரப் பாதையில் 12க்கு 1 ஏற்றம். ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எக்ஸ் வகை இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் நிற்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் பின்னோக்கியே வரும். திருப்புகிற வேலையே இல்லை. டெண்டரும் கிடையாது. 76 செ.மீ. மேசைக்கு அளந்து வைத்த மாதிரி இருக்கும்.


பனியன் எக்ஸ்பிரஸ்:

பல்சக்கரம் அண்ணா, நீங்கள் சொல்வது நியாயந்தான். ஆனால் மலை ரயிலுக்கு மலை செய்ய வேண்டுமே. எங்கள் அறையின் சீலிங் ஆஸ்பெஸ்டாஸ், ஏற்கெனவே தலை தட்டுகிறது.


பனியன் எக்ஸ்பிரஸ் (இரண்டரை மாதம் கழித்து):

முடித்துவிட்டேனுங்க. கேட்டவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் இல்லையா.

லேத்து வேலைக்கு மட்டும் மூன்று முறை நடந்தேன். முதல் ஹவுஸிங்கை, கணபதி ஐயா சொன்னதையே நான் சொல்லியும், திருப்பிப் பிடித்துத்தான் கடைந்தார்கள். பாலத்தின் நுனி 1 மி.மீ. மேலும் கீழும் ஆடியது. இரண்டாவது முறை பக்கத்தில் நின்றுகொண்டேன்.

பெரிய கூத்து என் கையால் நடந்தது. குழிக்கு வட்டம் போட எங்கள் கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டேன். ஒரு நூல், ஒரு ஆணி, மார்க்கிங் சாக், ஒரே இழுப்பில் சுத்தமான வட்டம். ஜிக்சாவை வைத்து முக்கால் சுற்று வந்தபோது கர்ரென்று சத்தம். மேலே அளந்தவன் அடியில் குனிந்து பார்க்கவில்லை; ரீப்பர் சட்டம் சரியாகக் குழிக்கு நடுவில் போகிறது. மோட்டார் தொங்க வேண்டிய இடமே அதுதான். அந்தச் சட்டத்தை அறுத்து, இரண்டு பக்கமும் குறுக்குக் கட்டை கொடுத்து நிமிர்வதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. பிளைவுட் நடுவில் தொய்ந்துவிடக் கூடாதே என்று குழியைச் சுற்றி எல் ஆங்கிளும் அடித்திருக்கிறேன். மேசை கட்டாதவர்கள் யாராவது படித்தால், முதலில் டர்ன்டேபிள் இடத்தைக் குறித்துவிட்டு அப்புறம் சட்டம் போடுங்கள்.

மற்றபடி போத்தனூர் அண்ணன் கணக்கு அப்படியே உட்கார்ந்தது. பின் சுவருக்கும் மேசை ஓரத்துக்கும் நடுவில் 4 செ.மீ. மிச்சம், அதில் ஒரு கரி மேடு வைத்துவிட்டேன். ஸ்லிப் ரிங் போட்ட பிறகு பாலத்தின் மேல் 01 ஒருமுறைகூடத் திக்கவில்லை. தண்டவாளத்தில் இன்னும் திக்குகிறது, அது பஞ்சு.

மோட்டார் மாட்டுவதற்கு முந்தின நாள் 01ஐ ஏற்றி வைத்து, விரல் நுனியால் மெல்லத் தள்ளினேன். கட்டிங் மாஸ்டர் கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அரைச் சுற்று வந்து நின்றது. "இதுக்கா ரெண்டு மாசம்?" என்றார். அப்புறம் நான் டீ குடிக்கக் கீழே போய் வருவதற்குள் அவரே நான்கு முறை திருப்பியிருக்கிறார்; இன்ஜின் மூக்கு நான் விட்ட பக்கம் இல்லை.

இப்போது ராத்திரியில் குழியின் மேல் ரிஜெக்ட் ஆன டபுள் எக்ஸெல் பனியன் ஒன்றைப் போர்த்தி வைக்கிறேன். நான்காவது லைன் டபிள்யூ.பி.க்காகக் காலி. யாரிடமாவது விற்கிற நிலையில் இருந்தால் சொல்லுங்க.